மாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் தவறுகிற தங்கச்சி: தீட்டு வலிக்கு உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?

மூத்தவள் | திங்கள், இரவு 9.10

அக்காமார், தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். நான் ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வீடு பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்குப் போக முடிகிறது. கேட்க வந்தது என் தங்கச்சியைப் பற்றி.

அவளுக்குப் பதினாறு வயது. இந்த வருடம் ஓ/எல் பரீட்சை. பதின்மூன்று வயதில் பெரிய பிள்ளையானாள். முதல் ஒரு வருடம் வலி என்று ஒன்றும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு மாதா மாதம் தீட்டு வருகிற அன்றைக்குக் காலையிலேயே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறாள். இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் இழுக்கிறதாம். சில மாதம் வாந்தி, வயிற்றோட்டமும் கூட. இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல்தான் எழுந்து உட்காருவாள். போன மாதம் கணித மாதிரிப் பரீட்சை அன்றைக்கே வந்துவிட்டது. அவளால் போக முடியவில்லை. அன்று இரவு போனில் என்னிடம் அழுதாள்.

அம்மா விடிந்ததும் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விடுவார். வீட்டில் அப்பாயி மட்டும்தான். "பொம்பளைப் பிள்ளைக்கு உள்ளதுதான், கல்யாணம் முடிச்சா சரியாப் போகும்" என்கிறார். பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற மருந்தா இது?

வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? குளிசை கொடுத்தால் பிற்காலத்தில் பிள்ளை தங்காது என்று லயத்து வீடுகளில் சொல்கிறார்கள். அது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாயத்தண்ணி | திங்கள், இரவு 9.32

இஞ்சி தட்டிப்போட்ட சாயத்தண்ணி, கூடக் கடிக்க ஒரு துண்டு கித்துல் கருப்பட்டி, வயிற்றின் மேல் சுடுதண்ணிப் போத்தல். எனக்கு இது போதும். ஆனால் வாந்தி வரைக்கும் போகிற வலிக்கு இது மட்டும் காணாது என்றுதான் நினைக்கிறேன்.

கொழுந்துக்கூடை | திங்கள், இரவு 10.05

பதினெட்டு வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன், அக்கரப்பத்தனைப் பக்கம். தங்கச்சியின் கதையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் கிடக்கிற பிள்ளைக்காவது படுக்க ஒரு பாய் இருக்கிறது. மலையில் நிற்கிற எங்களுக்கு அந்த வலியோடு சரிவில் கால் ஊன்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கிலோவையும் பார்க்க வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். வயிறு வலிக்கிறது என்று கங்காணியிடம் போய்ச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

நான் செய்வதைச் சொல்கிறேன். கலண்டரில் தேதியைக் குறித்து வைத்திருப்பேன். வருகிற நாளுக்கு முதல் நாள் இரவே கொத்தமல்லி வறுத்து, இஞ்சி தட்டி வைத்துவிடுவேன். காலையில் வெறும் வயிற்றோடு மலை ஏறமாட்டேன். பாதி ரொட்டியாவது சாப்பிடுவேன். கொத்தமல்லித் தண்ணியைச் சுடச் சுட பிளாஸ்கில் ஊற்றிக்கொள்வேன். பழைய கம்பளித் துணி ஒன்றை நாலாக மடித்து, இடுப்பில் சுற்றுகிற படங்குக்கு உள்ளே அடிவயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். மழைக்காலத்தில் நனைந்த படங்கு வயிற்றில் ஒட்டினால் வலி இரண்டு மடங்காகிறது. ஈரம் உள்ளே போகாமல் பார்த்தாலே பாதி ஆறுதல்.

இன்னொன்று, வெட்கப்படாமல் எழுதுகிறேன். மலையில் கக்கூஸ் இல்லை. அதனால் அந்த நாட்களில் நாங்கள் தண்ணியே குடிக்கமாட்டோம், வருகிற மூத்திரத்தையும் அடக்குவோம். பல வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். தலையிடி, மூத்திரக் கடுப்பு, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து வந்து, எது எந்த வலி என்றே தெரியாமல் போனது. இப்போது நாங்கள் மூன்று பேர் ஒன்றாகப் போகிறோம், ஒருத்தி காவல். தண்ணி குடிக்கிறேன். வயிறு உப்புவது குறைந்திருக்கிறது.

துணி பாவிக்கிறவர்களுக்கு ஒரு சொல். எங்கள் பக்கம் வாரக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும். துணியை ஆண்கள் கண்ணில் படாமல் காம்பராவுக்குள் மூலையில் ஒளித்துக் காயப்போட்டால் அது காயவே காயாது, ஈரவாடைதான் வரும். அதைத் திரும்பக் கட்டினால் அரிப்பும் புண்ணும் வருகிறது. வெயில் அடிக்கிற அன்று வெளியே போடுங்கள். வெயில் இல்லையென்றால் நன்றாக இஸ்திரி போட்டுக் காய வையுங்கள். கொடியில் தொங்கினால் என்ன, அதுவும் துணிதானே.

மஸ்கெலியாப் பெரியம்மா | செவ்வாய், காலை 6.20

என் மருமகள் இதை வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

மகளே, எங்கள் காலத்தில் இதற்குக் குளிசை போட்டதில்லை. ஐந்து பிள்ளை பெற்றேன். சடங்கு வீட்டில் நல்லெண்ணெயும் முட்டையும் உளுந்தங்களியும் கொடுப்பது எதற்கு? இடுப்புக்குப் பலம் வரத்தான். அதை மூன்று நாளோடு நிறுத்திவிடாதீர்கள். மாதத்தில் நாலு தடவையாவது உளுந்தங்களி கிண்டிக் கொடுங்கள்.

வலிக்கு உப்பு ஒத்தடம். கல்லுப்பு இரண்டு கை நிறைய அள்ளித் தாச்சியில் போட்டு, மெல்லிய நெருப்பில் பொரிகிற சத்தம் அடங்குகிற வரை வறுக்க வேண்டும். தடித்த பருத்தித் துணியில் கட்டி, முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பொறுக்க முடிந்தால் வயிற்றில் வைக்கலாம். அடிவயிற்றில் கொஞ்ச நேரம், பிறகு திரும்பிப் படுத்து நடு இடுப்பில் கொஞ்ச நேரம். ஆறினால் திரும்ப வறுக்கலாம், உப்பு கெட்டுப்போகாது. ரப்பர் பை வாங்க வசதியில்லாத வீட்டிலும் உப்பு இருக்கும்.

பீலியில் விழுகிற பச்சைத் தண்ணியில் அந்த மூன்று நாள் தலைக்கு ஊற்ற விடாதீர்கள். குளிசையும் வேண்டாம். உடம்பு தானாகச் சரியாகட்டும்.

பதுளை நர்ஸ் | செவ்வாய், மாலை 5.45

பெரியம்மா சொன்ன உப்பு ஒத்தடத்தை நான் இரண்டு கையாலும் ஏற்கிறேன். சூடு வெறும் ஆறுதல் மட்டும் இல்லை, அது உண்மையாகவே வலியைக் குறைக்கிறது. 40 பாகை அளவில் தொடர்ந்து சூடு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், வலிக்குளிசைக்குக் கிட்டத்தட்டச் சமமான பலன் கிடைத்திருக்கிறது. ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் வைத்து, கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்ப வைக்கலாம். கொதிதண்ணியைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றாதீர்கள், வெடிக்கும். பாம் தடவிய இடத்தில் சூட்டுப் பையை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் கடும் சூடு வைத்தால் தோலில் வலை பின்னியது போல் கறுப்புத் தழும்பு விழும். அதனால் சுடுகிற சூடு வேண்டாம், இதமான சூடு போதும்.

குளிசை விஷயத்தில் மட்டும் பெரியம்மா என்னை மன்னிக்க வேண்டும்.

வலி எப்படி வருகிறது என்று முதலில் சொல்கிறேன். தீட்டு வருகிற நேரத்தில் கர்ப்பப்பையின் உட்படலத்தில் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிச் சுருக்குகிறது. இறுகும்போது அந்தத் தசைக்குப் போகிற இரத்தமும் குறைகிறது. பிடித்துப் பிழிவது போல வலிப்பது அதனால்தான். அதே பொருள் குடலையும் கிளறிவிடுவதால் வாந்தியும் வயிற்றோட்டமும் வருகிறது. மூத்தவள் தங்கச்சி, உங்கள் தங்கச்சிக்கு முதல் வருடம் வலி இல்லாததற்கும் காரணம் இருக்கிறது. பெரிய பிள்ளையான புதிதில் பல மாதங்களில் முட்டை வெளியாவதில்லை. அது ஒழுங்காகத் தொடங்கிய பிறகுதான் இந்த வலியும் தொடங்கும்.

மெபனமிக் அசிட், இபுபுரோபன் போன்ற குளிசைகள் செய்கிற வேலை அந்தப் புரொஸ்டாகிளாண்டின் சுரப்பதைக் குறைப்பது. இங்கேதான் நம் வீடுகளில் பெரிய பிழை நடக்கிறது. பிள்ளை துடித்து, வாந்தி எடுத்து, இனி முடியாது என்கிறபோது குளிசை கொடுக்கிறார்கள். அதற்குள் சுரக்க வேண்டியதெல்லாம் சுரந்துவிட்டது. குளிசையும் வாந்தியோடு வெளியே வந்துவிடும். பிறகு "அவளுக்குக் குளிசை கேட்காது" என்று பேர் வைத்துவிடுகிறோம். இரத்தம் கண்ட உடனே, அல்லது வழக்கமான அந்த இழுவை தொடங்கிய உடனே, சாப்பிட்டுவிட்டு முதல் குளிசையைப் போட வேண்டும். பிறகு சொன்ன இடைவெளியில் முதல் இரண்டு நாளும் தவறாமல் போட வேண்டும். பெரியவர்களுக்கு மெபனமிக் அசிட் 500 மில்லிகிராம், நாளைக்கு மூன்று தடவை என்பது வழக்கமான அளவு. உங்கள் தங்கச்சியின் எடையைப் பார்த்து டாக்டர் ஒரு தடவை அளவு சொல்லட்டும். அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்புண், சிறுநீரக நோய் இருப்பவர்களும், இந்த வகைக் குளிசைக்கு மூச்சிழுப்பு வருகிறவர்களும் இதைப் போடக் கூடாது. அவர்களுக்குப் பெரசிட்டமோல்தான். பெரியவர் என்றால் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, குறைந்தது நாலு மணி நேரம் விட்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல்.

பிள்ளை தங்காது என்பது பொய். இவை கர்ப்பப்பையில் போய்த் தங்குவதில்லை. உடம்பை விட்டு வெளியேறிவிடும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் போடுவதால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. கல்யாணம் முடித்தால் சரியாகும் என்பதும் அப்படித்தான். வயது ஏற ஏற, பிள்ளை பிறந்த பிறகு, சிலருக்கு வலி குறைவது உண்மை. அதற்காகப் பதினாறு வயதில் துடிக்கிற பிள்ளையைப் பத்து வருடம் காத்திரு என்று சொல்ல முடியாது.

குளிப்பதைப் பற்றி: பீலியின் பச்சைத் தண்ணி அந்த நேரத்தில் உடம்பை விறைக்க வைக்கும், அதை விடுவது சரி. ஆனால் இரண்டு வாளி சுடுதண்ணி போட்டு இடுப்பில் ஊற்றிக் குளிப்பது நல்ல மருந்து. தலைக்கும் ஊற்றலாம்.

சாயத்தண்ணி | செவ்வாய், மாலை 6.02

நர்ஸ் அக்கா, இஞ்சி, கறுவா, பெருஞ்சீரகம் இதெல்லாம் சும்மாவா?

பதுளை நர்ஸ் | செவ்வாய், மாலை 6.30

சும்மா இல்லை. இஞ்சியைப் பற்றித்தான் கூடுதலாக ஆராய்ந்திருக்கிறார்கள். தீட்டின் முதல் மூன்று நான்கு நாட்களில் நாளைக்கு முக்கால் கிராமிலிருந்து இரண்டு கிராம் வரை சுக்குத்தூள் எடுத்தவர்களுக்கு வலி குறைந்திருக்கிறது. கால் தேக்கரண்டி சுக்குத்தூளைச் சுடுதண்ணியில் கலக்கி மூன்று வேளை குடித்தால் அந்த அளவுக்குள் வந்துவிடும். சாயத்தண்ணியில் வாசத்துக்குப் போடுகிற ஒரு துண்டு இஞ்சி அவ்வளவுக்கு வராது. பெருஞ்சீரகம், கறுவா, வெந்தயம் மூன்றுக்கும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன, பலன் தெரிந்திருக்கிறது. நம் நாட்டுக் கறுவாவையே எடுங்கள். வெளியிலிருந்து வருகிற தடித்த பட்டையில் ஈரலுக்கு ஆகாத கூமரின் கூட இருக்கும், நம்முடையதில் மிகக் குறைவு. கொத்தமல்லித் தண்ணி சூடாக உள்ளே போவதே இதம், குடியுங்கள். கற்றாழைச் சோற்றை மஞ்சள் பாலோடு விழுங்கச் சொல்கிறவர்களை மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பால் பேதியாக்கி வயிற்றை இன்னும் முறுக்கும்.

மருந்துக்கடைத் தம்பி | செவ்வாய், இரவு 8.15

பண்டாரவளையில் பாமசியில் நிற்கிறேன். ஆண் பிள்ளை எழுதுவதைத் தப்பாக எடுக்காதீர்கள். எங்களிடம் வருகிற அக்காமார் "வயித்துவலிக் குளிசை" என்று மட்டும் கேட்கிறார்கள். அதைக் கேட்டு கேஸ்ட்ரிக் குளிசையைக் கொடுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். மாதவிடாய் வலிக்கு என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஆட்கள் நின்றால் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டுங்கள்.

இபுபுரோபன், மெபனமிக் அசிட், டைக்ளோபெனெக் எல்லாம் ஒரே குடும்பம். ஒன்று கேட்கவில்லை என்று மற்றதையும் சேர்த்துப் போடக் கூடாது. அப்புறம், காய்ச்சல் இருக்கிற நாளில் தீட்டும் வந்தால் இந்தக் குடும்பத்தையே தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். அப்போது பெரசிட்டமோல் மட்டும்தான், உடனே இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். எங்கள் குளிர்ப் பக்கத்துக்கு டெங்கு வராது என்று நினைக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கொழும்பில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு ஊருக்கு வருகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

லிந்துலை டீச்சர் | புதன், மாலை 4.10

என் வகுப்பில் முப்பத்தியொரு பெண் பிள்ளைகள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் யார் எந்த வாரம் வரமாட்டாள் என்று எனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை "காய்ச்சல், டீச்சர்" என்று கடிதம் வரும். அம்மா பொய் எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

மூத்தவள், உங்கள் தங்கச்சியின் வகுப்பாசிரியரிடம் நேரே பேசுங்கள். பெண் ஆசிரியர் இருந்தால் அவரிடம். ஒரு குளிசையும் ஒரு சோடி பேடும் புத்தகப்பையின் சின்னப் பையில் எப்போதும் இருக்கட்டும். பரீட்சை மண்டபத்தில் வெளியே போக வேண்டி வந்தால் எப்படிக் கேட்பது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிள்ளைக்குப் பயம் போகும். பாதி வலி அந்தப் பயத்தில் இருக்கிறது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒன்று. முழங்கால் இரண்டையும் மடித்து உட்கார்ந்து, அப்படியே முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்து, கைகளை முன்னே நீட்டி மெதுவாக மூச்சு விட வேண்டும். பாயில் ஐந்து நிமிடம் இருந்தால் இடுப்பு இளகும். மற்ற நாட்களில் விளையாட்டை விடவே கூடாது. வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு மாதவலி குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பெரிய பிள்ளையானதும் நெட்போல் குழுவிலிருந்து மகளை நிறுத்துகிற பெற்றோருக்கு இதை நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறேன்.

பொறுத்துப் பொறுத்து | புதன், இரவு 11.20

எல்லோரும் சொல்வது நல்லதுதான். ஆனால் என் கதையையும் கேளுங்கள். எனக்கு இப்போது இருபத்தொன்பது.

பதினெட்டு வயதில் தொடங்கியது. முதலில் முதல் நாள் மட்டும். பிறகு தீட்டு வருவதற்கு ஐந்து நாள் முன்னாலேயே வலி வந்துவிடும். பிறகு மலம் கழிக்கும்போது குத்தும். கல்யாணம் முடித்த பிறகு புருஷனோடு சேரவே பயம். உப்பு ஒத்தடம், இஞ்சி, கசாயம், குளிசை எல்லாம் செய்தேன். குளிசை போட்டாலும் அசையாது. ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். "உங்களுக்குத் தாங்குகிற சக்தி குறைவு" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வார்த்தையை நம்பி இன்னும் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பிள்ளை இல்லை என்று காட்டப் போன இடத்தில்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற ஒன்று வெளியே சூலகத்திலும் குடலிலும் வளர்ந்து, மாதா மாதம் அதுவும் கசிந்து, உள்ளே ஒட்டிப்போகிறது. என் சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கிய சொக்லேட் கட்டி இருந்தது. ஸ்கேனில் தெரியாமலும் இந்த நோய் இருக்கலாம் என்று அப்போதுதான் சொன்னார்கள். உலகத்தில் பிள்ளை பெறுகிற வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறதாம். பத்தில் ஒருவர் என்றால் நம் ஒவ்வொரு லயத்திலும் ஒருத்தி இருக்கலாம். எனக்கு கெமரா விட்டுச் சத்திரசிகிச்சை செய்து, இப்போது ஹோர்மோன் குளிசையில் இருக்கிறேன். நிம்மதியாகத் தூங்குகிறேன்.

மூத்தவள் அக்கா, தங்கச்சிக்கு இப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சரியான நேரத்தில் குளிசை போட்டு, சூடு வைத்து, மூன்று மாதம் பாருங்கள். குறையவில்லை என்றால் கூட்டிக்கொண்டு போங்கள். தாங்குகிற சக்தி இல்லை என்று யாராவது சொன்னால் அடுத்த டாக்டரிடம் போங்கள்.

கொழுந்துக்கூடை | வியாழன், காலை 5.15

தங்கச்சி, மலைக்குப் போக முன்னால் வாசித்தேன். இவ்வளவையும் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். எங்கள் மலையில் ஒரு பிள்ளை இதே மாதிரி மலம் கழிக்கவே பயப்படுகிறாள். இன்றைக்கே அவளிடம் சொல்கிறேன்.

ஓட்டோ அப்பா | வியாழன், இரவு 7.40

என் மகளுக்குப் பதினான்கு. அம்மா வெளிநாட்டில். இதையெல்லாம் மகள் என்னிடம் சொல்லமாட்டாள், நானும் கேட்கத் தெரியாமல் இருந்தேன். இந்த இழையை முழுவதும் வாசித்தேன். இன்றைக்கு டவுனில் ரப்பர் சுடுதண்ணிப் பை ஒன்று வாங்கினேன், பேடும் வாங்கினேன். மேசையில் வைத்து, "இது உனக்கு, முடிந்தால் சொல்லு, அப்பா தண்ணி சுட வைத்துத் தருகிறேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்து சரி என்றாள். அந்தப் பையில் எவ்வளவு தண்ணி ஊற்ற வேண்டும்?

மஸ்கெலியாப் பெரியம்மா | வியாழன், இரவு 8.00

நல்ல தகப்பன். மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, மேலே உள்ள காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடியை இறுக்க வேண்டும் தம்பி. கொதித்து இறக்கிய தண்ணியைக் கொஞ்சம் ஆற விட்டு ஊற்றுங்கள். மேலே துவாய் சுற்றிக் கொடுங்கள்.

நர்ஸ் பிள்ளை சொன்னதையும் கேட்டேன். நான் இரண்டாவது மகளுக்கு ஒரு குளிசையும் கொடுக்க விட்டதில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது இப்போது கண் முன்னால் வருகிறது. கொடுத்திருக்கலாம்.

மூத்தவள் | அடுத்த மாதம், ஞாயிறு, மாலை 3.30

எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னபடி முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய், அங்கிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரி ஓபிடிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கேள்வி எல்லாம் கேட்டு, மெபனமிக் அசிட் எழுதிக் கொடுத்தார். தங்கச்சி கலண்டரில் குறித்து வைத்திருந்தாள். செவ்வாய் விடியற்காலை நாலரைக்கு இழுவை தொடங்கியதும் அப்பாயியை எழுப்பியிருக்கிறாள். அப்பாயியே எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, உப்பும் வறுத்துக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டுக் குளிசை போட்டுவிட்டு ஒத்தடத்தோடு படுத்தாள். வாந்தி வரவில்லை. வலி இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் எழுந்து நடக்க முடிந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. மறுநாள் போனாள். ஒன்றரை வருடத்தில் இரண்டாம் நாள் பள்ளிக்கூடம் போனது இதுதான் முதல் தடவை.

இன்னொன்று கேட்க வேண்டும். நான் இதையெல்லாம் வீட்டில் பேசப் போய், அம்மாவும் வாயைத் திறந்தார். அம்மாவுக்கு நாற்பத்து மூன்று. இரண்டு வருடமாகத் தீட்டு எட்டு, ஒன்பது நாள் நிற்காமல் போகிறதாம். கட்டி கட்டியாக வருகிறதாம். முன்பு இல்லாத வலியும் இப்போது இருக்கிறதாம். மலையில் தலை சுற்றி உட்கார்ந்து விடுவாராம். யாரிடமும் சொல்லவில்லை. "உப்புப் பையை எனக்கும் ஒன்று கட்டிக் கொடு" என்று தங்கச்சியிடம் கேட்டிருக்கிறார். சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடிப்பதாலா இந்தத் தலைச்சுற்று?

பதுளை நர்ஸ் | ஞாயிறு, மாலை 4.05

தங்கச்சியின் செய்தி கேட்டு மனம் நிறைந்தது. இரண்டாம் மூன்றாம் மாதமும் அப்படியே செய்யுங்கள்.

அம்மாவுடையது வேறு கதை. அவருக்கு ஒத்தடம் கொடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நாற்பதுக்கு மேல் புதிதாக வலி வருவதும், ஏழு நாளுக்கு மேல் போவதும், கட்டியாக வருவதும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. கர்ப்பப்பையில் பைப்ரொயிட் கட்டி இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். பிள்ளை தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற லூப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள், அதுவும் போக்கையும் வலியையும் கூட்டும். தலைச்சுற்று பெரும்பாலும் இரத்தம் குறைந்ததால்தான். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். சாயத்தண்ணி தலைச்சுற்றைக் கொண்டுவராது, ஆனால் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாது. ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடட்டும். இரும்புக் குளிசை கொடுத்தால் அதையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. நெத்தலி, முருங்கைக்கீரை சாப்பிடும்போது மேலே தேசிக்காய் பிழிந்துகொள்ளட்டும்.

உங்கள் பக்கத்து மிட்வைப் மிஸ்ஸிடம் வெல் வுமன் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்காகவே அரசாங்கம் நடத்துவது, காசு இல்லை. கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனையும் அங்கேயே செய்வார்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிற அளவுக்குப் போனாலோ, மயங்கி விழுந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுங்கள், அதற்கும் காசு இல்லை.

மூத்தவள் | ஞாயிறு, மாலை 4.20

லூப் போட்டிருக்கிறார் அக்கா, சின்னத் தம்பி பிறந்த பிறகு போட்டது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எடுக்கவே இல்லை.

பதுளை நர்ஸ் | ஞாயிறு, மாலை 4.24

அதையும் மிஸ்ஸிடம் முதலில் சொல்லுங்கள். போட்ட வருடம் எழுதிய அட்டை வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், கூச்சத்தில் பாதியைச் சொல்லாமல் வந்துவிடுவார்.

மூத்தவள் | ஞாயிறு, மாலை 4.31

சரி அக்கா. கடையில் ஒரு நாள் லீவு கேட்கிறேன். நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.